ஸ்பிரிங் ஞானியும் முட்டைக்காரர் வண்டியும்

இரும்புக்கும் ஆன்மா உண்டு என்பதை மனிதகுலம் ஒருவழியாக ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட இடம், பழைய டயர்க் கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகை. அங்கேதான் ஸ்பிரிங் ஞானி பிளாஸ்டிக் நாற்காலியில் அருள்பாலித்தார்.

பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் மாற்ற வேண்டுமா? வண்டியைப் போர்வையால் மூடிக் கொண்டுவர வேண்டும். கண்ணால் பார்த்தால் ஞானம் கலங்கிவிடுமாம். சீட்டில் காது வைத்துக் கேட்பார். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு, அந்த வண்டிக்கென்றே பிறந்த ஜோடியை எடுத்து விற்பார். வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் வரிசையில் நின்றார்கள். நம்பிக்கை போதவில்லையாம்.

முட்டைக்காரரும் கிளம்பினார். அவர் வண்டி குழியில் இறங்கினால் தட்டில் பாதி ஆம்லெட். "நாளைக்கும் உடைஞ்சு வந்தா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று பேக்கரிக்காரர் சொல்லியாயிற்று.

முட்டைக்காரருடைய அண்ணி தையல்கடைக்காரி. "தம்பி, சட்டை தைக்க வர்றவங்க நெஞ்சுல நான் காதா வெக்கறேன்? டேப்பு வெச்சுல்ல அளக்கறேன்!"

"இது ஆன்மா விஷயம் அண்ணி."

"சரி, நீங்க போய் வரிசையில நில்லுங்க. வண்டிய நான் மூடித் தள்ளிட்டு வர்றேன்."

ஞானி காது வைத்தார். கண் கலங்கினார். கூட்டமும் கலங்கியது. எதற்கென்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

"இடது ஷாக் முனகுது... வலது ஷாக் ஆறுதல் சொல்லுது..."

"என்னன்னுங்க?" என்றாள் அண்ணி.

"'பொறு, நானும் வர்றேன்'ங்குது."

அண்ணி போர்வையை உருவினாள். ஷாக் இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் மரக்கட்டை.

"ஷாக்க வர்ற வழியிலயே மெக்கானிக் கழட்டிட்டாரு. என் பையில கிடக்கு. பேசினது யாருங்க?"

"கட்டைக்கும் ஆன்மா உண்டே!" என்று வரிசையிலிருந்து ஒருவர் ஞானிக்கு எடுத்துக் கொடுத்தார்.

அண்ணி பெட்டியைக் கவிழ்த்தாள். உருண்டதெல்லாம் ஒரே நீளம், ஒரே ரகம். அவற்றிலும் பையிலிருந்த ஷாக்கிலும் டேப்பை வைத்தாள். இந்த வண்டிக்கு இரண்டு இஞ்ச் குட்டை. அதற்குள் ஞானி டயர்க் கடை வழியாக முக்தியடைந்திருந்தார்.

"சீட்டுக்குள்ள என்ன ஓடுதுன்னு அந்தாளுகிட்ட இவ்வளவு கேட்டீங்களே, உங்க தலைக்குள்ள ஏதாச்சும் ஓடுதான்னு ஒருநாளாவது கேட்டீங்களா?" என்றாள் அண்ணி, கூட்டத்தைப் பார்த்து.

சாயங்காலம் உதிரிபாகக் கடையில் ஷாக்கின் மேல் ஓட்டைக்கும் கீழ் ஓட்டைக்கும் இடைப்பட்ட நீளம் சொல்லி, தன் எடையும் முட்டை எடையும் சொல்லி, புது ஜோடி வாங்கினார் முட்டைக்காரர். மறுநாள் எல்லாக் குழியிலும் இறங்கி ஏறியும் ஒன்றுகூட உடையவில்லை. பேக்கரிக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இனி தினமும் நீங்களே கொண்டாந்து போடுங்க" என்றார்.

வண்டி எப்படிக் குதிக்காமல் வந்தது என்று முட்டைக்காரர் கையை வீசி விளக்கியபோது, கை பட்டு ஒரு தட்டு முழுக்கக் கீழே விழுந்தது.