காராச்சேவுக்கு வாணவேடிக்கை எழுதிக்கொள்வது

சிவகாசி,
14.7.2007

அன்பு மருமகள் சுமைராவுக்கு உன் மாமு சம்சுதீன் எழுதிக்கொள்வது. உனக்கும் மாப்பிள்ளை அப்துல் ஹக்கீமுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், பஹ்ரைன் வெயிலைத் தாங்கும் உடம்பையும், நடுவில் நின்றுபோகாத ஏசியையும் தருவானாக. இங்கே உன் அம்மா பைரோஜா, அவள் முழங்கால் நீங்கலாக, சுகம். உன் மாமி சுகம். என்னைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். போன மாதம் கை பிடித்துப் பார்த்த டாக்டர், "ஒங்க நாடியை வெச்சுக் கடியாரத்தைத் திருத்தலாம் பாய்" என்று சொல்லி, தன் வாட்சைத் திருத்தியும் கொண்டார்.

நிற்க. மூன்று வாரமாக நீ குழுவில் எழுதவில்லை. என்ன காரணம்? எந்தக் குழு மாமு என்று நடிக்க வேண்டாம். இன்டர்நெட்டில் தமிழ்ப் புத்தகம் படிக்கிறவர்கள் கூடி அரட்டை அடிக்கிற அந்தக் குழுவில், காராச்சேவு என்ற பெயரில் எழுதுவது நீதான் என்று எனக்குத் தெரியும். அதே குழுவில் வாணவேடிக்கை என்ற பெயரில் எழுதி, கனடா புரொபசர் முதல் கோயம்புத்தூர் பல் டாக்டர் வரை எல்லாரையும் கட்டிப்போட்டு வைத்திருக்கும் மேதை யார் என்று நீயும் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பாய். இனி உடைக்காதே. நான்தான்.

எப்படி வந்தேன் என்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நீ போன் போடுவாய். முதலில் உன் அம்மா பேசுவாள், பிறகு அவள் முழங்கால் பேசும், பிறகு உன் மாமி, அப்புறம் பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் அக்கா. என் கைக்கு ரிசீவர் வரும்போது, "மாமு, நல்லாருக்கீகளா? சாப்பிட்டீகளா? கார்டு முடியப்போவுது மாமு." நாலு வருஷமாக நீ என்னோடு பேசியது மொத்தம் இந்த மூன்று வாக்கியம். நான் வேலை பார்க்கும் அச்சுக் கம்பெனியில் வீணாய்ப் போன புத்தக அட்டையை நான் கொண்டுவந்தால், "உள்ள என்ன கதை மாமு, சொல்லுங்க மாமு" என்று சட்டையைப் பிடித்து இழுத்த பிள்ளை! அப்படியிருக்க ஒரு வெள்ளிக்கிழமை உன் அம்மாவிடம், "நெட்ல புத்தகம் படிக்கிறவுக சேந்து ஒரு குழு வெச்சுருக்கோம்மா, விழுந்து விழுந்து சிரிப்போம், அதுலதான் எனக்குப் பொழுது போகுது" என்று நீ சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. என்ன குழு என்று நான் வாயைத் திறப்பதற்குள் கார்டு முடிந்துவிட்டது. முகம் தெரியாத ஆட்களுக்குச் சிரிப்பு, எனக்குச் சாப்பிட்டீகளா. மனசு கேட்குமா?

மறுநாளே பஸ் ஸ்டாண்டு பக்கம் உக்கிரபாண்டியின் பிரவுசிங் சென்டருக்குப் போய் நின்றேன். "என்ன பாய், யாருக்கு ரிசல்ட் பாக்கணும்?" என்றான். "ரிசல்ட் இல்லலே, புத்தகத்தப் பத்திப் பேசணும்." அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "இங்கன வர்ற ஆளுக எதெதையோ பாக்க வருவாக. புத்தகம் பேச வந்த மொத ஆளு நீங்கதான் பாய்." ஆக, சிவகாசியில் இன்டர்நெட்டை ஒழுங்காக உபயோகித்த முதல் மனிதன் நான் என்பதற்கு அவனே சாட்சி. தமிழ், புத்தகம் என்று அவன் தட்டியதும் ஒரு குழு வந்தது. தமிழனுக்குப் புத்தகக் குழு ஒன்றுக்கு மேல் எதற்கு? நீ சொன்னது இதுதான் என்று முடிவு கட்டினேன். உள்ளே போனால் எடுத்த எடுப்பிலேயே காராச்சேவு என்று ஒரு ஆள், யாரோ ஒரு எழுத்தாளரை, "நல்லாத்தான் ஆரம்பிக்கிறீக, நடுவுல நீங்களே தூங்கிப்போறீக" என்று கிழித்துத் தொங்கவிட்டிருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆரம்பிக்கிறீக, தூங்கிப்போறீக! பஹ்ரைனில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பேச்சு வேறு யாருக்கு வரும்? போதாததற்கு அந்தப் பெயர். அதற்கு முந்தின ரமலானுக்கு நான் கொடுத்தனுப்பிய சாத்தூர் காராச்சேவைக் கொறித்துக்கொண்டே வைத்த பெயர்தானே அது? துப்புத் துலக்கப் போலீஸ் எதற்கு, உன் மாமு ஒருத்தன் போதாதா?

சேர்ந்தபின் நான் சும்மா இருப்பேனா? நம்ம கம்பெனியில் புத்தகங்களுக்கு அட்டை மட்டும்தான் அடிப்போம், உள்தாளெல்லாம் மெட்ராஸில் என்பது உனக்குத் தெரியும். என் கைபடாமல் ஒரு அட்டை லேமினேஷனுக்குப் போனதில்லை. முன்னால் ஒரு படம், பின்னால் பத்து வரி, புத்தி உள்ளவனுக்கு அது போதும், மிச்சத்தை ஊகித்துவிடலாம். ஆகவே தினம் ஒரு புத்தகம் சிபாரிசு செய்தேன். "இனி இனிப்பில்லை" என்று தலைப்பு, பாகற்கொடி படர்ந்த பச்சை அட்டை. பின்பக்கம் பார்ப்பதற்குள் லோடு ஏறிவிட்டது. இருந்தாலென்ன, கசந்துபோன ஒரு தம்பதியின் கதை, கடைசி அத்தியாயத்தில் இருவரும் சேர்கிறார்கள், கைக்குட்டை இல்லாமல் தொடாதீர்கள் என்று எழுதினேன். பல் டாக்டர் வாங்கிவிட்டார். "ஐயா, இது சர்க்கரை வியாதிக்காரர்களுக்கான சமையல் புத்தகம். கடைசி அத்தியாயத்தில் பாகற்காயும் கத்தரிக்காயும் சேர்கின்றன. ஆனாலும் எனக்குச் சுகர் இறங்கிவிட்டது, நன்றி" என்று எழுதினார். இப்படி மருத்துவச் சேவையும் செய்துவருகிறேன். கனடா புரொபசரின் கட்டுரைக்கு அருமை என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டப் போய், A விழ வேண்டிய இடத்தில் E விழுந்து எருமை என்று போய்விட்டது. மனுஷர் பெருந்தன்மையாக, "பால் எவ்வளவு கறக்கும்?" என்று கேட்டார்.

இதற்கெல்லாம் நீ கொடுத்த பதிலடி இருக்கிறதே, அதுக்காகத்தான் நான் போனதே. "வாணவேடிக்கை ஐயா, நீங்க அட்டையத் தாண்டி உள்ள போனதே இல்லையோ? கதவத் தட்டிட்டு வந்து விருந்து சாப்ட்டேங்கிறீகளே." நான் விடவில்லை. "உள்ளே போய்த் தூங்குவதற்கு வாசலில் முழித்திருப்பது மேல் காராச்சேவு அவர்களே." "முழிச்சது போதும், செருப்பக் கழட்டிட்டு வாங்க." "கழற்றுவேன், நீங்கள் தின்றுவிட்டால்?" இப்படியே போகும். நான் சிரிக்கிற சிரிப்பில் பக்கத்துச் சீட்டுக்காரன் எழுந்து போய்விடுவான். வீட்டுக்கு நடந்து வரும்போதும் சிரிப்பு நிற்காது, பேய் பிடித்துவிட்டதென்று உன் மாமி எனக்கு ஓதிப் பார்க்கச் சொன்னாள். ஒன்றரை வருஷம் சுமைரா. நான்தான் மாமு என்று என்றைக்கோ சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சடக்கென்று எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நல்லாருக்கீகளா மாமு என்று ஆரம்பித்துவிடுவாய். அதனால் சொல்லவில்லை.

புத்தகம் படித்து முடித்ததும் என்ன செய்வீர்கள் என்று குழுவில் யாரோ கேட்டார்கள். எழுதியவருக்குப் போன் போட்டுத் திருத்தம் சொல்வேன் என்று நான் போட்டேன். நீ என்ன போட்டாய்? "மூடி வெச்சுட்டு வீட்டச் சுத்திப் பாப்பேன். கதை இப்படிப் போச்சுன்னு சொல்ல ஒரு ஆளு இல்ல. பாத்துட்டு லைட்ட அணைச்சுருவேன்." அதற்கு அப்புறம்தான் நீ எழுதவே இல்லை.

அதை நாலு தடவை வாசித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை, நல்லாருக்கேன் மாமு என்று சொன்னாயே, அதுவும் வெறும் அட்டைதானா? மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, டூட்டி முடிந்து அசந்து வருவார், அவரிடம் போய்க் கதை சொல்ல முடியாது, எனக்கும் புரிகிறது. நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் புறப்பட்டு வருகிறேன். பாஸ்போர்ட் இல்லை, அது ஒரு விஷயமே இல்லை, மதுரையில் பிளேனுக்கு ஏணி வைக்கிறவன் எனக்குத் தோஸ்து. நீ கதையைச் சொல்லு, நான் முழுசாக் கேட்டுட்டு, அடுத்த பிளேனைப் பிடிச்சு வந்துருதேன். இல்லாட்டி நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ தாயி. எம்புட்டு நாளாச்சு.

மாப்பிள்ளைக்கு என் சலாம். உங்கள் வீட்டில் பரக்கத்தும், உங்கள் இருவர் வாயிலும் ஓயாத பேச்சும் நிலைத்திருக்க துஆச் செய்யும்,
மாமு சம்சுதீன்
(வாணவேடிக்கை)

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று உக்கிரபாண்டி கடைக்குப் போனேன். காராச்சேவு திரும்பி வந்திருக்கிறது. அதில் கண்டிருப்பது: "நண்பர்களே, கொடலெறக்க ஆபரேசன் முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டேன். வாணவேடிக்கை ஐயா எங்க? அவரு எழுதுனா சிரிப்பு வருது, சிரிச்சாத் தையல் வலிக்குது, பரவாயில்ல, வரச் சொல்லுங்க. இப்படிக்கு லட்சுமிகாந்தம், ரிட்டையர்டு பஸ் கண்டக்டர், அருப்புக்கோட்டை."

நான் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன பாய், யாரும் மௌத்தா?" என்றான் உக்கிரபாண்டி. "இல்லலே, ஆளு மாறிப்போச்சு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டை வருகிறேன், படித்த கதையெல்லாம் சொல்லுங்கள் என்று அவருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். வாங்க என்று உடனே பதில் போட்டார். பாவம், பெஞ்சாதி போய் ரெண்டு வருஷமாச்சாம்.

ஆகவே மேலே எழுதியது எதுவும் உனக்குச் சம்பந்தமில்லை. கிழித்துவிடலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். அப்போ நீ சிரிக்கிறது வேற எங்கனயோ. அது எந்தக் குழு, அங்கன உனக்கு என்ன பேரு, அத மட்டும் ஒரு வரி எழுது தாயி. நான் வந்து பேச மாட்டேன். மாமுன்னு காட்டிக்கிட மாட்டேன். சத்தமில்லாம வாசிச்சுட்டுப் போயிருவேன்.