செவ்வாயை முந்திய பஸ்

வானத்தில் செவ்வாய் கிரகம் பின்னால் நடக்கிறதாம். ஊரே முன்னால் நடப்பதை நிறுத்திவிட்டது. கல்யாணங்கள் தள்ளிப்போயின. புதுக்கடைகள் திறக்கவில்லை. பல் பிடுங்கக்கூட ஆள் வராமல் பல் டாக்டர் ஈ ஓட்டினார்.

கூட்டமெல்லாம் சக்கரத்தார் வீட்டில். கைப்பிடி வைத்த பித்தளைச் சக்கரம் ஒன்று அவரிடம் இருந்தது. அதைச் சுற்றச் சுற்ற, கோபித்துக்கொண்ட செவ்வாய் சமாதானமாகி நேர்வழிக்கு வருமாம். காணிக்கை கூடினால் சுற்றும் கூடும். கோபம் அதற்கு, வரும்படி இவருக்கா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பஸ் டிரைவரும் கேட்கவில்லை. மனைவிக்குப் பித்தப்பையில் கல். உடனே எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். பொறு என்று சக்கரத்தார் சொன்னார். டிரைவர் சக்கரத்தாரை நம்பினார்.

"செவ்வாய் திரும்பட்டும்டி."

"அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேங்க."

ஒருநாள் அவளும் கணவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறி, சக்கரத்தாருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். அவருக்கு எப்போதும் முன் ஜன்னல்தான். மடியில் சக்கரம். டிக்கெட் கிடையாது, கிரகத்தையே திருப்புகிறவரிடம் சில்லறையா கேட்பது?

வழியில் ஒரு செங்கல் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. பஸ் அதை முந்தியது. அவள் வயிற்றைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்தாள்.

"சாமி, அந்த லாரியப் பாருங்க. தூரத்து மலையைத் தாண்டி முன்னாடி போய்க்கிட்டிருந்தது, இப்ப மலையை விட்டுப் பின்னாடி போகுதே! யார் மேல கோபமோ?"

சக்கரத்தார் விழுந்து விழுந்து சிரித்தார். "அட அசடே! லாரி முன்னாடிதான் போகுது. நாம முந்துறோம். அதான் அப்படித் தெரியுது."

"அப்ப செவ்வாய்?"

சிரிப்பு நின்றது.

"பூமியும் சூரியனைச் சுத்துற பஸ்தானே சாமி? நமக்கு உள்வட்டம், வேகம் ஜாஸ்தி. செவ்வாய்க்கு வெளிவட்டம், மெதுவா வருது. நாம முந்துற வரைக்கும் அது பின்னாடி போற மாதிரி தெரியும். முந்தி முடிச்சா தானா சரியாயிடும். இதுல உங்க சக்கரத்துக்கு என்ன வேலை?"

"அது வேற, இது வேற!"

"சரி, லாரியை முன்னாடி கொண்டுவாங்க பார்ப்போம்."

"சுத்துங்க சாமி!" பின் சீட்டிலிருந்து குரல்கள்.

மானம் போகிறதே என்று அவர் சுற்றினார். வியர்க்க வியர்க்கச் சுற்றினார். லாரி பின்னாலேயே வந்தது.

வண்டி ஓட்டத் தெரிந்த நாள்முதல் லாரிகளை முந்திவந்த டிரைவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸை ஓரங்கட்டி, பிரேக்கை மிதித்தார். செங்கல் லாரி ஆடி அசைந்து முன்னால் போனது.

"திருப்பினது என் கால் சாமி" என்றார். பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "அடுத்த ஸ்டாப் ஆஸ்பத்திரி. இறங்கி இன்னைக்கே சேர்ந்துடு. வண்டியை விட்டுட்டு ஓடி வர்றேன்."

கண்டக்டர் சக்கரத்தாரிடம் கை நீட்டினார். "சாமி, டிக்கெட்?"

கல் வெளியே வந்தது. அவள் பிழைத்தாள். செவ்வாய்க்கு இது எதுவும் தெரியாது. அது என்றும் போல முன்னால்தான் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் போனது யார் என்று தெரிய வேண்டுமா? டிரைவர் தலைக்கு மேலே, பஸ்ஸில் இருக்கும் முகமெல்லாம் தெரிகிற கண்ணாடி ஒன்று இருக்கும். எட்டிப் பாருங்கள்.