நூற்று நாலு சதவீதத் தள்ளுபடி

எனக்கு நாலாம் வாய்ப்பாடு ஒழுங்காக வராது என்பது அமெரிக்கா, சிங்கப்பூர், துபாய் ஆகிய மூன்று ஊர்க்காரர்களுக்கும் ஒரே நாளில் தெரிந்துபோனது. (நான் கம்ப்யூட்டர் சயின்ஸில் முதல் வகுப்பு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முழுக் கதையையும் கேட்ட பிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள்.)

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். எனக்கு இருபத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எதைப் பார்த்தாலும் 'இதை இன்டர்நெட்டில் போட்டால் என்ன?' என்று தோன்றும் வியாதி அப்போது என்னைப் பிடித்திருந்தது. அதற்கு முதல் பலி என் தாய்மாமா.

மாமாவுக்கு டவுனில், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதியில் கடை. வத்தல், வடகம், அப்பளம், சாத்தான்குளத்துக் கருப்பட்டி. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீட்டுக்காரர்கள் எல்லாம் பார்சல் கட்ட அவரிடம்தான் வருவார்கள். அந்தப் பிள்ளைகளே நேராக ஆர்டர் போட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு நாள் அவரிடம் ஆரம்பித்தேன்.

"மாமா, அவங்க அங்கன இருந்து கம்ப்யூட்டர்ல பாத்து ஆர்டர் போடுவாங்க. நீங்க இங்கன இருந்து அனுப்பினாப் போதும்."

"வாயில போட்டுப் பாக்காம எவன்ட்டி வத்தல் வாங்குவான்? சரி, துட்டு?"

"அவங்க அப்பா அம்மா கடைக்கு வந்து கொடுத்துருவாங்க."

"அப்பம் அவங்களே வத்தலை வாங்கி அனுப்பிரலாம்லா?"

(நான் உடனே பேச்சை அப்பளத்துக்கு மாற்றினேன்.)

இருந்தாலும் மாமா சம்மதித்தார். அக்கா மகள் ஆசைப்பட்டு ஒன்று கேட்டால் அவருக்கு மறுக்கத் தெரியாது. ஒரு மாதம் உட்கார்ந்து கடையை இணையத்தில் ஏற்றினேன். சுண்டைவத்தலைப் படம் பிடித்து ஸ்கேன் செய்ததில் அது ஆட்டுப் பிழுக்கை மாதிரி வந்தது. தமிழ் எழுத்து அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கம்ப்யூட்டர்களில் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதினேன். வாசித்துப் பார்த்த என் தம்பி, "யாரோ பல்லு செட்டைக் கழத்தி வச்சுட்டுப் பேசுத மாதிரி இருக்கு" என்றான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அப்போது வெளிநாட்டுக் கடைகளின் பக்கங்களில் ஒரு வித்தை வந்திருந்தது. பக்கத்தை மூடிவிட்டுப் போகப் பார்த்தால் 'டொக்' என்று ஒரு குட்டி ஜன்னல் முன்னால் குதிக்கும். 'போகாதீர்கள், உங்களுக்கு மட்டும் தள்ளுபடி!' என்று கெஞ்சும். பாப்-அப் என்று பெயர். பார்த்தவுடன் சொக்கிப்போனேன். என் மாமா கடையில் தினமும் செய்கிற வேலைதானே இது! விலை கேட்டுவிட்டுப் படியிறங்குகிறவரை, "அண்ணாச்சி, நில்லுங்க, ஒரு வார்த்த" என்று கூப்பிட்டு, கையில் ஒரு துண்டு கருப்பட்டியைக் கொடுத்து, திரும்பவும் கடைக்குள் இழுத்துவிடுவார்.

அதையே நானும் செய்தேன். ஒருவர் பக்கத்தை மூடினால் ஜன்னல் குதித்து ஐந்து சதவீதம் தள்ளுபடி என்று சொல்லும். அதையும் மூடினால் பத்து. பிறகு பதினைந்து. 'பதினைந்து வந்ததும் நிறுத்து' என்று ஒரு வரி எழுதிவைத்தேன். ஒழுங்காக நின்றது. அறுபது பிள்ளைகளின் மின்னஞ்சல் முகவரிகளைப் பெற்றோர்களிடம் கேட்டு வாங்கி, கடையின் விலாசத்தை அவர்களுக்கு அனுப்பியும் விட்டேன். திறப்பு விழா மறுநாள் காலை.

முந்தின நாள் சாயங்காலம் மாமா கேட்டார்: "தள்ளுபடி எவ்வளவுட்டி போட்டிருக்க?"

"அஞ்சு அஞ்சா ஏறும் மாமா."

"அஞ்சா? என் தோலை உரிச்சு வத்தல் போட்டு வித்தாலும் கட்டுப்படியாவாதே! நாலு நாலா ஏத்து."

ஒரு நிமிஷ வேலை. ஐந்தை அழித்துவிட்டு நாலு என்று போட்டேன். 'பதினைந்து வந்ததும் நிறுத்து' என்கிற வரி அப்படியே இருந்தது. நாலு, எட்டு, பன்னிரண்டு, பதினாறு. பதினைந்து எங்கே வரும்? இதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்திருக்கும். நான்தான் முதல் வகுப்பாயிற்றே, கண்டுபிடிக்கவில்லை.

விழா ஒரு பிரவுசிங் சென்டரில். மாமா வேஷ்டி சட்டையில் புது மாப்பிள்ளை மாதிரி வந்திறங்கினார். கையில் தேங்காய், சூடம், சந்தனக் கிண்ணம். "அண்ணாச்சி, ஏசி ரூம்பு, சூடம் மட்டும் கொளுத்திராதிய" என்று சென்டர்காரர் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால் மானிட்டருக்குச் சந்தனம் குங்குமத்தோடு நிறுத்திக்கொண்டார். பொட்டைச் சரியாகத் திரையின் நட்டநடுவில் வைத்தார். அப்பளத்தின் விலை அதற்குள் போய்விட்டது.

சிறப்பு விருந்தினர் ரிட்டையர் ஆன ஒரு பேங்க் மேனேஜர். இரண்டு மகன்களும் அமெரிக்காவில். கடைக்கு அவர்தான் பெரிய வாடிக்கை. அவர் திருப்தியாகிவிட்டால் ஊரில் பாதி வீடு வந்துவிடும் என்று மாமா கணக்குப் போட்டிருந்தார். மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. மூடிரவா?"

இதற்குத்தானே காத்திருந்தேன். "மூடுங்க சார்" என்றேன், குழந்தைக்கு மிட்டாயை மறைத்து வைத்திருப்பவள் மாதிரி.

மூடினார். ஜன்னல் குதித்தது. 'போகாதீங்க! உங்களுக்காக 4 சதவீதம்!' கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். மேனேஜர் சிரித்துக்கொண்டே அதை மூடினார். எட்டு. மறுபடி மூடினார். பன்னிரண்டு. மாமா என் முழங்கையைத் தொட்டு, "போதும்ட்டி, நிறுத்து" என்றார்.

"இனிமே வராது மாமா, பாருங்க."

பதினாறு வந்தது.

மேனேஜர் முப்பத்தைந்து வருஷம் பேங்கில் இருந்தவர். திறந்த ஒன்றை மூடாமல் எழுந்திருக்க அவருக்கு மனசு வராது. "இது என்னம்மா, லோன் கேட்டு வந்த பார்ட்டி மாதிரி போகவே மாட்டேங்கு?" என்று சொல்லிக்கொண்டே மூடினார். இருபது. இருபத்து நாலு. நாற்பத்தெட்டில் மாமா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எழுபத்தாறில் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நூறும் வந்தது. அதோடு நிற்க வேண்டும் என்று நெல்லையப்பரை வேண்டிக்கொண்டேன்.

நூற்று நாலு.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணாச்சி, ஒரு சந்தேகம். வத்தலையும் சும்மா கொடுத்து, மேக்கொண்டு நாலு சதவீதம் கையிலயும் கொடுப்பியளோ?"

மாமா எழுந்தார். சுவரோரம் போய்ச் சுவிட்சை அணைத்தார். அணைத்தது சென்டரின் மெயின் சுவிட்சை. பக்கத்தில் அரைமணி நேரமாக ஏதோ விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த ஒரு ஆள், "எந்தப் பயலே அது?" என்று இருட்டுக்குள்ளிருந்து கத்தினார்.

வெளியே வந்ததும் மாமா என்னிடம் பைய ஒரு கேள்வி கேட்டார்.

"ஏட்டி, இது இந்த டப்பாவுல மட்டுந்தானே இப்படிக் காட்டும்?"

"இல்ல மாமா."

"வேற எங்கன?"

"உலகம் பூரா."

திருத்துவதற்காகத் திரும்ப உள்ளே ஓடினேன். மின்சாரம் வந்தது, டெலிபோன் லைன் கிடைக்கவில்லை. அன்று முழுக்கக் கிடைக்கவில்லை. மறுநாள் காலை லைன் கிடைத்து நான் முதலில் பார்த்தது இருபத்து மூன்று ஆர்டர்களை. ஊர் மக்களின் பொறுமையை அன்றுதான் தெரிந்துகொண்டேன். துபாயில் இருந்த ஒரு டாக்டர் எண்பத்தெட்டு வரை மூடியிருந்தார். பலர் சரியாக நூறில் நின்றிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் பன்னிரண்டோடு நிறுத்தி, 'பாவமாக இருக்கிறது' என்று குறிப்பு எழுதியிருந்தார்.

கடைசி ஆர்டர் சிங்கப்பூரிலிருந்து. சிவசைலம் என்று பெயர். சொந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். சாஃப்ட்வேர் வேலை. மிதுக்கவத்தல் இரண்டு கிலோ, நூற்று நாலு சதவீதத் தள்ளுபடியில். கீழே ஒரு குறிப்பு: 'பதினைந்து நாலால் வகுபடாது. இதை எழுதியவர் நாலாம் வாய்ப்பாட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். மீதி நாலு சதவீதம் எப்போது கிடைக்கும்?'

கொக்கிரகுளம் பாலத்திலிருந்து ஆற்றில் குதிக்கலாமா என்று நினைத்தேன். அந்த மாதம் ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அதிலும் அவமானப்பட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆர்டர்களை அச்செடுத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். மாமா ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டி வாசித்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"கொடுத்துருவோம்" என்றார்.

"மாமா, கடையே காலியாயிரும்!"

"எழுதினது நீ. ஆனா பேரு நம்ம கடைப் பேருல்லா? கூப்பிட்டுத் தாரேன்னு சொல்லிட்டு இல்லைன்னு சொன்னா நாளப்பின்ன எவன் படியேறுவான்? ஒண்ணு செய்வோம். பார்சல் போடுததுக்கு முன்ன அவங்கவங்க வீட்டுல போய் நடந்ததைச் சொல்லிருவோம். நீயும் வா."

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பஸ் ஏறினோம். குற்றவாளியும் நான், சாட்சியும் நான். முதல் வீடு திருச்செந்தூரில். வீட்டுக்காரர் காகிதத்தை வாங்கிப் படித்தார். முகம் சிவந்தது. அவர் உள்ளே பார்த்துக் கத்தினார்:

"ஏளா, இங்க வா! ஒம் மவன் அமெரிக்காவுல உக்காந்து ஓசி வத்தல் கேக்கான்! டாலர்ல சம்பளம் வாங்குதவன் கேக்குத கேள்வியா இது?"

முழு விலையையும் மாமா கையில் திணித்தார். மாமா வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அந்த அம்மா கோயில் பிரசாதமான இலை விபூதியும் காப்பியும் கொண்டுவந்து வைத்தார்கள்.

எல்லா வீட்டிலும் இதே கதைதான். பிள்ளைகள் எத்தனை சதவீதத்தில் நின்றார்களோ அத்தனைக்குத் தகுந்த மாதிரி அப்பாக்களுக்குக் கோபம் ஏறியது. எண்பத்தெட்டு டாக்டரின் அம்மா, முன்பணம் கட்டித் தீபாவளிக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்தார்கள். பன்னிரண்டில் நின்றவர் வீட்டில் மட்டும் மாமா கறாராகத் தள்ளுபடி கொடுத்துவிட்டு வந்தார். நாலைந்து வீடு போனதும் மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பஸ்ஸில் முறுக்கைக் கடித்துக்கொண்டே எனக்குத் தொழில் நுணுக்கம் சொன்னார்.

"போறவனை ஒரு தடவ கூப்பிட்டா மரியாதை. ரெண்டாந் தடவ கூப்பிட்டா சரக்குல சந்தேகம். மூணாந் தடவ கூப்பிட்டா போலீசுல்லா வரும்? நீ இருவத்தாறு தடவ கூப்பிட்டிருக்க!"

கடைசியாக விக்கிரமசிங்கபுரம். நாங்கள் போய் இறங்கிய நேரம் நூல் ஆலையில் ஷிப்ட் மாறி, தெரு முழுக்க சைக்கிள். சிவசைலத்தின் அப்பா ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். அம்மா அவருக்கும் சேர்த்துப் பேசினார்கள். மாமா அந்தக் குறிப்பை வாசித்துக் காட்டினார். வாய்ப்பாடு வரி வந்ததும் அந்த அம்மா நிறுத்தச் சொன்னார்கள்.

"வாய்ப்பாடு படின்னா எழுதியிருக்கான்? ஒரு பொம்பளப் பிள்ளைக்கு எழுதுத எழுத்தா இது? அஞ்சாம் வகுப்புல கணக்குல முட்டை வாங்கிட்டு வந்த பய!"

என் கையைப் பிடித்து, தெருமுனையில் இருந்த டெலிபோன் பூத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சிங்கப்பூருக்குப் போன் போட்டு, முதல் ஒரு நிமிஷம் அவர்கள் மட்டும் பேசினார்கள். பிறகு ரிசீவரை என் காதில் வைத்துவிட்டு, பின்னாலேயே வந்து வெளியில் நின்ற மாமாவிடம் போனார்கள்.

"சாரிங்க" என்றது ஒரு குரல். "எழுதினது ஒரு ஆம்பளைன்னு நினைச்சேன்."

"ஆம்பளைன்னா வாய்ப்பாடு தெரியாம இருக்கலாமா?"

அவர் சிரித்தார். "பதினைஞ்சு வந்தா நிறுத்துன்னு போடாதீங்க. பதினைஞ்சைத் தாண்டினா நிறுத்துன்னு போடுங்க."

"எல்லாம் போட்டாச்சு. இப்ப ஒரே ஒரு தடவதான் குதிக்கும்."

"அடடா. நேத்து அஞ்சாறு தடவ மூடிப் பாத்தேன். ஒண்ணுதான் வந்தது. சப்புன்னு ஆயிட்டு."

மூடிப் பார்த்தாரா, எதற்கு என்று கேட்கத் தோன்றியது. பூத்தின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பில் மீட்டரின் சிவப்பு எண்கள் கடகடவென்று ஏறிக்கொண்டிருந்தன. காசைக் கொடுக்கப்போகிற அந்த அம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை. மாமாவிடம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது கதவிடுக்கு வழியாக எனக்குக் கேட்டது.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு என்ன நட்சத்திரம்?"

அடுத்த தை மாதம் கல்யாணம். இருபத்து மூன்று வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். பந்தியில் மிதுக்கவத்தலுக்குக் குறைவில்லை. மேனேஜர் மட்டும் முதல் வரிசையில் உட்கார்ந்து, மூன்றாவது முடிச்சு விழும்வரை, "நிறுத்துதாங்களா பாரு, நிறுத்துதாங்களா பாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

மாமாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், புதிதாக யார் வந்திருந்தாலும், கூப்பிட்டு உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லிவிடுவார். முடிக்கிற இடம் மட்டும் மாறவே மாறாது.

"நூறு சதவீதத்துக்கு வத்தலைக் கொடுத்தேன் வே. மேக்கொண்டு நாலு சதவீதம் கேட்டாரு பாத்தியளா, அதுக்கு எம் மருமவளையே கொடுத்துட்டேன்."

எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை என் வீட்டுக்காரர் காத்திருப்பார். பிறகு இலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார்:

"நான் என்ன செய்ய மாமா? இருவத்தாறு தடவ மூடிப் பாத்தேன். விடலையே!"