ஜாந்தார்மை மறந்துவிட்டு வந்த கரண்டு முசே

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தேகாலுக்குக் கரண்டு போனது. எழுபதுகளின் கடைசி. புதுச்சேரியில் எங்கள் உப்பளம் பகுதியில் மற்ற வீடுகளில் கரண்டு போனால் விளக்கு அணையும். எங்கள் வீட்டில் கரண்டு முசே வந்து நிற்பார். இரண்டில் எது பெரிய இருட்டு என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பிரெஞ்சு வழக்கத்தில் எங்கள் ஊரில் ஐயாவுக்கு முசே. இந்த முசே பஞ்சாலையில் ஃபிட்டர். சூடாக இருக்கும் எதிலிருந்தும் மின்சாரம் எடுக்கலாம் என்பது அவருடைய மதம். இஸ்திரிக்காரரின் கரிப்பெட்டியில் கம்பி செருகி ஒரு கல்யாண வேட்டியைப் பொசுக்கினார். என் மாமனாருக்குக் காய்ச்சல் என்றதும் ஆரஞ்சுப் பழத்துக்குப் பதிலாக வோல்ட் மீட்டரோடு பார்க்க வந்தார். "இவ்ளோ சூட்டையும் சும்மா உட்றீங்களேக்கா" என்று வருத்தப்பட்டார்.

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்தரைக்கு வானொலியில் சிறுவர் நிகழ்ச்சி. அதில் என் மகள் செல்வி கதை சொல்கிறாள். முன்பே பதிவு செய்தது. அவளுக்குத் திக்குவாய். பள்ளியில் அவளைப் பேசவிட்டுச் சிரிப்பார்கள். பதிவின்போது ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை என்றாள். யாரும் நம்பவில்லை. பெற்றவள் நானே பாதிதான் நம்பினேன். அதைச் சோதிக்க அக்கம்பக்கம் முழுக்க எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. ரேடியோவில் செல் தீர்ந்திருந்தது. கடை ஞாயிறு விடுமுறை.

முசே தன் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன்மேல் இருவகை உலோகத் துண்டுகளைச் சேர்த்துச் செய்த தகடு. தகட்டின்மேல் தண்ணீர்ச் சட்டி. கீழே சூடு, மேலே குளிர், நடுவில் உள்ள வித்தியாசம்தான் கரண்டு என்றார். என் குடும்ப வாழ்க்கையும் அதே தத்துவத்தில்தான் ஓடியது. ஒரு பல்புகூட எரிந்ததில்லை.

திடீரென்று பையைத் தடவினார். "ஜாந்தார்மை மறந்துட்டு வந்துட்டேன்."

பிரெஞ்சுக்காரர் காலத்துப் போலீசுக்கு ஜாந்தார்ம் என்று பெயர். முசே அதைத் தன் டப்பா ஒன்றுக்குச் சூட்டியிருந்தார். ஸ்டவ் சீறினால் வோல்ட்டும் ஏறும். ஒன்பதுக்கு மேல் போகாதபடி அதிகப்படியை மடக்கி, ஒரு சுருள் கம்பியில் விட்டு வீண் சூடாக்கிவிடும் அந்த டப்பா. அது இல்லாவிட்டால் ரேடியோ கருகும். இது எனக்குப் பிறகு தெரிந்தது. என் கணவருக்கு அதற்கும் பிறகு.

"அண்ணே, ஜாந்தார்ம் இல்லாம ஆவாது. சீக்கிரம் இட்டுக்கினு வாங்க. சாரம் ஏரியாவுல எங்க மச்சான் வூட்டுல..."

அதற்குள் என் கணவரின் சைக்கிள் தெருமுனை தாண்டிவிட்டது. பாதி வாக்கியத்தில் கிளம்புவது அவர் சுபாவம்.

மணி ஐந்தரை. செல்வி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டித் தொலைங்க முசே."

"ரேடியோ செத்துடும்க்கா."

"புள்ள கதை போயிடுமே."

முசே அவளைப் பார்த்தார். பையிலிருந்து வண்டி பல்புகளைத் தரையில் கொட்டினார். ரேடியோவை மாட்டிவிட்டு மீட்டர் முன் குந்தினார். முள் ஏறினால் ஒரு பல்பைச் சேர்த்து அதிகப்படியைத் தின்னக் கொடுத்தார். இறங்கினால் பிடுங்கினார். இன்றும் ஸ்டவ் சீறும் சத்தம் கேட்டால் அந்த முள் என் நெஞ்சுக்குள் ஆடுகிறது.

ரேடியோ கரகரத்தது. பிறகு செல்வியின் குரல், ஒரு தடங்கலும் இல்லாமல். கூடமே ரேடியோ பக்கம் சாய்ந்தது. முசே மட்டும் சுட்ட விரலை வாயில் வைத்து எடுத்தபடி பல்புகளோடு மல்லுக்கட்டினார். அந்தக் கதையில் ஒரு சொல்லைக்கூடக் கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

கதை முடிந்தபோது வாசலில் சைக்கிள் நின்றது. கேரியரிலிருந்து, பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் அசல் ஜாந்தார்ம் ஒருவர் இறங்கினார், பழைய தொப்பியும் தடியுமாக.

"எவன் இங்க கலாட்டா பண்றது?"

நடந்ததைச் செல்விதான் சொன்னாள், திக்கித் திக்கி. யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் மீட்டரைப் பார்த்தார். முசேயின் கொப்பளித்த விரல்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"டூட்டில ஆள் இருக்காரே. அப்புறம் என்னை எதுக்கு இட்டாந்தீங்க?"