பெயரில்லாத மீனாக நான் செத்தது

திருக்கனூர் அரிசி ஆலைக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தேன். வில்லியனூரைத் தாண்டியாயிற்று. நெல் அவியும்போது தூங்கிவிட்டேன். அத்தனை நெல்லும் பொங்கலாகிவிட்டது. (முதலாளி என்னைத் துரத்தவில்லை. நான் கிளம்பினேன், அவர் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.) ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு அது ஒன்பதாவதோ பத்தாவதோ வேலை. வயிற்றில் முந்தின நாள் இட்லி இரண்டு.

வழியில் சவரிமுத்து சார் சைக்கிளை நிறுத்தினார். பள்ளிக்கூட வாத்தியார். சாராயம், மரம் வெட்டுவது, மணல் அள்ளுவது என்று பத்து நிமிட நாடகங்கள் எழுதி ஊர் ஊராகப் போடுகிறவர். அன்று சாயங்காலம் மணப்பட்டு கடற்கரையில், ஆலைக் கழிவால் மீன் சாகிற நாடகம். மீனுக்குக் காய்ச்சல். அந்த வேஷத்துக்கு என்னைக் கூப்பிட்டார்.

“வசனம் உண்டா சார்?”

“இல்லப்பா. துடிக்கணும், சாவணும். நல்லா செத்தா குழுவுல சேத்துக்கறேன். மூணு வேளை சோறு.”

மூன்று வேளைக்கு மூன்று முறை சாகவும் தயாராக இருந்தேன்.

கோணிப்பையில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் செதில் செதிலாக மைதாப் பசையால் ஒட்டி, என்னை உள்ளே போட்டார்கள். பத்து நிமிட நாடகத்தில் நான் சாவதற்கே எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

“இந்த மீனைக் கொன்றது யார்?” என்று சார் கூட்டத்தைக் கேட்டார்.

மீன்காரப் பெண்களில் அஞ்சலை என்பவர் எழுந்து வந்தார். மணலில் மீன் கிடந்தால் அவர்களுக்குக் கை சும்மா இருக்காது. கோணியை விலக்கி என் காதை மடக்கிப் பார்த்தார். செவுளாம்.

“இது இன்னா மீனு சார்?”

“பொதுவா... மீன்தாம்மா.”

“பொதுவான்னு கடல்ல ஏது சார் மீனு?”

எழுதும்போது சார் அதை யோசித்திருக்கவில்லை. கூட்டம் சலசலத்தது. என் மூன்று வேளைச் சோறும் கண்ணெதிரே கரைந்தது. எப்படியாவது காப்பாற்ற வேண்டுமென்று, செத்தபடியே சொன்னேன்:

“கெளுத்தி.”

“கெளுத்திக்கு ஏதுடா செதிலு?” என்றார் அஞ்சலை.

“செத்தது பேசுதுடி. ஏலம் வுடு அஞ்சல” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அஞ்சலை இடுப்பில் கைவைத்து ஏலம் விட்டார். “பூரா முள்ளு. கேளுங்கடி.”

“சும்மா குடுத்தாலும் வாணாம்.”

“கருவாட்டுக்குக்கூட ஆவாது.”

பசையை நக்க ஒரு நாய் வந்தது. எழுந்து ஓடினேன், கோணியோடு.

சிரிப்பு அடங்கியதும் அஞ்சலை சாரிடம் சொன்னார்: “செத்தது மடவை சார். போன மாசம் முகத்துவாரத்துல வெள்ளையா மெதந்துது. நாலு நாளு எங்க வூட்டுல அடுப்பு எரியல. அதும் பேரப் போட்டு எழுது.”

சார் அங்கேயே நோட்டை எடுத்தார். பிறகு பல ஊர்களில் அந்த மடவை செத்தது. செத்தவன் வேறொருவன். (என்னைவிடச் சீக்கிரமாகச் சாவானாம்.) எனக்கு அன்று ஒரு வேளைச் சோறு போட்டு, “நீ வேற எதனா பாருப்பா” என்றார்.

அஞ்சலை பின்னாளில் எனக்கு மாமியாரானார். இன்றும் விருந்தாளி வந்தால், “ஏலத்துல யாரும் கேக்காத மீனு. பாவம்னு நான் எடுத்தேன்” என்பார். குழம்பில் துண்டு தீர்ந்துபோனால் என் பிள்ளைகள் என்னைத்தான் பார்ப்பார்கள்.

அவர் என்னை எடுத்தது மறுநாள் விடியலில். படகோரம் நின்றிருந்தேன். “சும்மாதான நிக்கற, இத்தத் தூக்கு” என்று கூடையை என் தலையில் ஏற்றிவிட்டு, பாகூர் சந்தையை நோக்கி எனக்கு முன்னால் நடந்தார். மீன் தண்ணீர் என் கழுத்தில் வழிந்தது. கூடை நிறையக் கெளுத்தி. நடந்தபடியே கையை உள்ளே விட்டுத் தடவினேன். முள் குத்தியது. செதில் இல்லை.