கன்னத்துக்கு ஒரு கட்டி, தட்டுக்குக் கால் வீசை

சவரம் செய்துகொள்வது பெரிய விஷயமே இல்லை. செய்துகொண்ட பிறகு அந்த முகத்தை என்ன செய்வது என்பதுதான் விஷயம். ஆயிரக்கணக்கான ஜனங்கள் திருப்பதிக்குப் போய்த் தலையையே மழித்துக்கொண்டு சந்தோஷமாகத் திரும்புவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இருந்தும் இந்தச் சின்ன விஷயம் பிடிபட எனக்கு இருபத்தாறு வயதாயிற்று. அதற்குள் ஒரு பெரிய மனிதரின் வாயைக் கட்டிப்போட்டுவிட்டேன்.

அப்போது நான் சித்தூரில் ஓர் அலுவலகத்தில் தற்காலிகக் குமாஸ்தா. எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்து, திருத்தணி சென்னைப் பக்கம், எங்கள் பிச்சாட்டூர் ஆந்திரப் பக்கம் என்று முடிவாகியிருந்த நேரம். நான் படித்ததெல்லாம் தமிழில். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் தெலுங்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்றார்கள். பேச வரும். (சந்தையில் மாடு வாங்குகிற அளவுக்கு.) எழுத்துதான் உள்ளே இறங்கவில்லை. ஏழெட்டு எழுத்தோடு நின்றுவிட்டேன்.

முகத்தின் கதை அதைவிட மோசம். பிளேடு பட்டால் போதும், கேழ்வரகைத் தூவினாற்போல் இரண்டு கன்னமும் சிவந்து பொரிந்துவிடும். தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தடவினேன். பொரிந்ததெல்லாம் பளபளவென்று இன்னும் நன்றாகத் தெரிந்தது. மஞ்சள் பூசிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். ஹெட்கிளார்க் பயந்துபோய்க் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கச் சொன்னார். சந்தனம் பூசிய அன்று பக்கத்து நாற்காலிக்காரர், "மொட்டைக்குத்தான் சந்தனம். உனக்கு எறங்கி வந்துட்ச்சா?" என்றார். கடைசியில் கடைத்தெரு நாவிதர்தான் பரிதாபப்பட்டு வழி சொன்னார்: "படிகாரத்த தண்ணில நனைச்சித் தேய் சாமி. கொஞ்ச நேரம் உட்டுக் கழுவு. அவ்ளோதான்."

அதே வாரம் நைனாவிடமிருந்து கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் பெண் பார்க்கப் போகிறோம், பூவும் பழமும் நாங்கள் கொண்டுவருகிறோம், கல்கண்டு மட்டும் சித்தூரில் நல்லதாகக் கால் வீசை வாங்கி வா என்று எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: "பெண்ணின் தகப்பனார் புத்தூர்க் கல்யாணத்துக்கு வந்திருந்த பாத்திரக் கடைக்காரர். மாப்பிள்ளைக்குத் தெலுங்கு எழுதப் படிக்க வருமா என்று ஒன்றுதான் கேட்டார். தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லிவிட்டேன்."

அந்த வரியை மூன்று முறை படித்தேன். ஏனென்றால் அந்தப் பெண்ணை நான் முன்பே பார்த்திருந்தேன். அந்தக் கல்யாணப் பந்தியில், ரசம் ஊற்ற வந்தவரிடம், "இது ரசமா, கை கழுவுற தண்ணியா?" என்று கேட்ட சரோஜா அவள். அன்று முதல் எனக்கு வேறு பெண்ணே வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மளிகைக் கடைக்குப் போய், படிகாரம் ஒரு கட்டியும் கல்கண்டு கால் வீசையும் கேட்டேன். கடைக்காரர் படிகாரக் கட்டியையும் சுத்தியால் தட்டிக் கல்கண்டு அளவுக்குத் துண்டுகளாக்கினார். இரண்டையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, மேலே பென்சிலால் தெலுங்கில் பெயர் எழுதினார். "ரெண்டூ ஒகேலா உண்டாயி. பேரு ராசினானு, சூசுகோ" என்றார். அதாவது, இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், பெயர் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள். நானும் பெரிய பண்டிதனைப் போல, "சரே, சரே" என்றேன்.

தெலுங்கில் படிகாரத்துக்குப் பெயர் பட்டிக. கல்கண்டுக்குப் பெயர் பட்டிகபெல்லம். இது எனக்கு இப்போது தெரியும். ஞாயிறு காலை சவரம் முடிந்து கன்னம் திகுதிகுவென்று எரிய இரண்டு பொட்டலத்தையும் பார்த்தபோது, முதல் மூன்று எழுத்தும் ஒன்றாக இருந்தன. ஒன்று அதோடு நின்றுவிட்டது. மற்றொன்று நீண்டுகொண்டே போனது. மருந்து என்றால்தான் எழுத்து அதிகமாக இருக்கும் என்று முடிவு செய்தேன். (என் அறிவின் மேல் எனக்கு அப்போது மிகுந்த நம்பிக்கை.) நீளப் பொட்டலத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்து நனைத்துக் கன்னம், தாடை, கழுத்து என்று தாராளமாகத் தேய்த்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது. மருந்து பிடிக்கிறது என்று மகிழ்ந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கழுவாமல், மேலே பவுடரை அப்பிக்கொண்டு, சின்னப் பெயர்ப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருப்பதி போய்ச் சேர்வதற்குள் வழியிலிருந்த செம்மண்ணில் பாதி என் முகத்துக்கு வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நைனா என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாடா இது, மூஞ்சிக்கு வார்னிஷ் அட்சிக்கினு வந்துகிற?"

"மருந்து நைனா."

"மருந்துல இன்னாத்துக்குடா ஈ மொய்க்குது?"

அதற்குள் பெண் வீட்டார் அழைத்துப்போக வந்துவிட்டார்கள். அம்மா பொட்டலத்தைப் பிரித்துக் காகிதத்தோடு தட்டில் வைத்து, பூ பழத்தோடு கூடத்தில் கொண்டுபோய் வைத்தாள். பாத்திரக் கடைக்காரர், "நல்ல காரியம், வாய இனிப்பாக்கிக்கினு பேசுவோம்" என்று பெரிய கட்டியாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டுக் கடித்தார்.

அவர் கன்னம் உள்ளே போயிற்று. உதடு குவிந்தது. கண்ணில் நீர் முட்டியது. வந்தவர்கள் கொடுத்ததைத் துப்பக் கூடாது என்ற மரியாதை அவருக்கு. அந்த நேரம் பார்த்து நைனா கேட்டார்: "அப்போ, சம்மதந்தானே சம்பந்தி?"

அவர் தலையை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டினார்.

"இன்னாது, புடிக்கலியா?"

அவர் தட்டைக் காட்டினார். காபி கொண்டுவந்த சரோஜா குனிந்து காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பட்டிகன்னு எழுதிக்கீதே. இது படிகாரம்பா!" என்றாள்.

கொல்லைக்கு ஓடி வாய் கொப்பளித்துவிட்டு வந்தவர், கல்கண்டு வாங்கி வந்த என்னிடம் அந்தக் காகிதத்தைத் திருப்பி நீட்டினார். அது தெலுங்குப் பத்திரிகையிலிருந்து கிழித்த துண்டு.

"தம்பி, இதுல ஒரு வரி படிங்க."

நைனா, "அவசரத்துல கண்ணாடிய..." என்று ஆரம்பித்தார். (நான் கண்ணாடியே போட்டதில்லை.) அவர் பொய் சொல்லித் திண்டாடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. "எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாதுங்க" என்றேன். எல்லாம் முடிந்தது என்று அழுகையே வந்துவிட்டது. துடைக்கப் போனால் விரல் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்போது சரோஜாதான் தன் அம்மாவிடம் சொன்னாள்: "அவருக்கு மொதல்ல தண்ணி குடும்மா. எறும்பு காதுகிட்ட போய்க்கினு கீது."

கொல்லையில் முகம் கழுவினேன். அவளுடைய அம்மா தட்டிலிருந்த கட்டியில் ஒன்றைக் கொடுத்து, "இதத் தேச்சிக் கழுவிட்டு, ஈரத்தோட ஒரே ஒரு சொட்டுத் தேங்கா எண்ணெ வெக்கணுமாம். அவதான் சொல்லச் சொன்னா" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கன்னம் எரியவில்லை. உள்ளே நுழையும்போது சரோஜாவின் குரல் கேட்டது:

"கழுவனப்புறம் பரவால்ல."

"தெலுங்கு தெரியலியேம்மா?" என்றார் அவள் அப்பா.

"எனக்குத் தெரியும்ல. சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்."

பாத்திரக் கடைக்காரர் நெடுநேரம் யோசித்தார். (வாய் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.) பிறகு ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: "இனிமே ரெண்டு வூட்ல எந்த விசேஷம்னாலும் கல்கண்ட மொதல்ல மாப்ள துன்னணும். அவரு மூஞ்சப் பாத்துட்டுதான் மத்தவங்க கை வெக்கணும்."

சரோஜா அடிக்காத குறையாகச் சொல்லிக் கொடுத்து, இரண்டாம் முறை பரீட்சையில் தேறினேன். வேலை நிரந்தரமாயிற்று. மாமனார் காலமாகியும் அவர் போட்ட சட்டம் காலமாகவில்லை. எத்தனையோ கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு; எல்லாவற்றிலும் முதல் கல்கண்டு எனக்குத்தான். நான் கடித்துச் சிரித்தால்தான் தட்டு நகரும்.

போன மாதம் பேத்தியின் நிச்சயதார்த்தம். தட்டு வந்தது, மண்டபமே என் வாயைப் பார்த்தது. டாக்டரான மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, உங்க சுகருக்கு இது கூடவே கூடாது" என்றார். தட்டு நகராமல் நின்றுவிட்டது.

"அதுக்கென்ன, அவருக்கு மட்டும் படிகாரம் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே சரோஜா தன் கைப்பையைத் திறந்தாள்.