பூட்டி வைத்த மயில்

மயிலைக் காணோம்.

பெருந்துறை பெட்ஷீட் கம்பெனியில் டிசைன் போடும் சித்திகா கம்ப்யூட்டர் முழுக்கத் தேடிவிட்டாள். அந்த மயில், முதலாளியம்மா கருப்பாத்தாள் தன் கையால் வரைந்தது. பார்த்தவர்கள் கோழி என்று நினைத்தார்கள். வாய்விட்டு யாரும் சொன்னதில்லை. மயில் போட்ட விரிப்புகள் விற்காமல் குடோனில் கிடந்தன. ஆனாலும் வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, கம்ப்யூட்டரில் மயிலைக் கண்ணாரப் பார்த்த பிறகுதான் அந்த அம்மா வீடு திரும்புவார்.

இன்று வெள்ளி. சித்திகாவின் வாப்பாவோ படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அவளைக் குறை சொல்லக் கூடாது, பாவம். பழைய டாஸ் கம்ப்யூட்டரில் மயிலை யாரும் தொட முடியாதபடி, படிக்க மட்டும் என்று பூட்டி வைத்திருந்தாள். வாரக் கடைசியில் வேண்டாத படங்களைக் கழிக்க, எல்லாவற்றையும் அழிக்கச் சொல்வாள். 'நிச்சயமா?' என்று அது ஒரே ஒரு தடவை கேட்கும். ஆமாம் என்று 'ஒய்' தட்டுவாள். குப்பையெல்லாம் போய்விடும், பூட்டிய மயில் மட்டும் அசையாமல் நிற்கும்.

"அது அழியவே அழியாதா அம்மணி?" என்று முதலாளி பொங்கியண்ணன் அடிக்கடி வந்து விசாரிப்பார்.

"யாரு வந்தாலும் அழியாதுங்க" என்பாள் பெருமையாக.

புதிதாக வந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டரிலும் பூட்டித்தான் வைத்தாள். இன்று அது குப்பையைக் கேட்காமலே அழித்துவிட்டு, பூட்டிய மயிலுக்கு மட்டும் 'அழிக்கட்டுமா?' என்றது. மரியாதையாகக் கேட்கிறதே என்று வழக்கம்போல் 'ஒய்' தட்டிவிட்டாள்.

"அக்கா, பழைய கம்ப்யூட்டர் எங்கீங்க?" டீ கொண்டுவந்த ரங்கம்மாளிடம் கேட்டாள்.

"புதுசு வந்த அன்னைக்கே மொதலாளி அதைய இரும்புக்கடைக்குப் போட்டுட்டாரு கண்ணு."

பிளாப்பித் தட்டில் மயிலின் நகல் ஒன்று இருந்தது. அதைச் செருகினாள். கம்ப்யூட்டர் ஏதோ கேட்டது. அவசரத்தில் 'ஒய்' தட்டினாள். பிளாப்பி துடைத்து வைத்ததுபோல் ஆனது.

கடைசியில் நினைவிலிருந்து தானே வரைந்தாள். வாசலில் கார் வந்து நின்றது.

"என்ற மயிலெங்க அம்மணி? இதென்ன, காக்காயா?" என்றார் கருப்பாத்தாள்.

"மயிலு போயிருச்சுங்கம்மா. தப்பு எம்மேலதானுங்க." சித்திகா அழுதேவிட்டாள்.

கூடவே காரில் வந்த பொங்கியண்ணன் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எழவு வீட்டில் நிற்பவர்போல் நின்றார். "புள்ளையை வையாத கருப்பாத்தா. போனது திரும்பி வருமா?"

"ஏனுங்க, நான் வேணும்னா இன்னொண்ணு வரைஞ்சு தரட்டுங்களா?" என்றார் கருப்பாத்தாள்.

"வேண்டாமுங்க!" பதறிப்போய் மனைவிக்கே 'ங்க' போட்டார். பிறகு குரல் தழுதழுத்தது. "அது மாதிரி இனி வருமா? நெனச்சுக்கிட்டே காலத்தை ஓட்டிக்கலாம்."

கருப்பாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார். முதலாளியும் தலைகுனிந்தபடி பின்னால் போனார்.

"என்னைய வேலையை உட்டு அனுப்பிருவாருன்னு நெனச்சேன்க்கா" என்று விசும்பினாள் சித்திகா.

ரங்கம்மாள் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டாள்.

"உன்னையவா? பழைய பொட்டி அந்தக் கோழிய அழிக்க உடமாட்டேங்குதுன்னுதான கண்ணு, அவரு இந்தப் பொட்டியவே வாங்கியாந்தாரு."